இடம் விட்டவர்கள்

சங்குமுனைத் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கடலை அல்ல, சுமைப் பலகையை. தீவில் விழித்திருக்கும் மனிதர்களைத் தீவு தாங்குமா என்று அது சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் தாங்கும், சிவப்பு எரிந்தால் தாங்காது. சிவப்பு எரிந்து பெனடிக்ற் ஒருநாளும் பார்த்ததில்லை. அது எரியாமல் இருப்பதற்காகத்தான் அந்தச் சின்ன நாட்டில் வளர்ந்தவர்களில் பாதிப்பேர் ஆண்டில் பாதியைத் தூங்கிக் கழித்தார்கள்.

பெனடிக்ற் தூங்காத பாதியைச் சேர்ந்தவன். வழிகாட்டி வேலை. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற கடற்புல் திடலுக்கு விருந்தினரைக் கூட்டிப்போய்க் காட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும், அவனும் சொல்வான். துடுப்பு தண்ணீரில் படுகிற சத்தம் கேட்காது. ஆவுளியா மூச்சுவிட எந்த இடத்தில் தலையைத் தூக்கும் என்று முன்கூட்டியே கையை நீட்டிக் காட்டுவான். அது அங்கேதான் எழும்பும். வந்தவர்கள் வாயடைத்துப்போய் அவனைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவன் பிறந்திருக்கிறான் என்று நினைக்கத் தோன்றும்.

அந்த ஆண்டு அமைதிக்கடல் காலத்தில் வந்தவர்களில் ஹெல்கா என்ற வயதான அம்மையார் ஒருவர். வடக்கே குளிர்நாடு ஒன்றில் மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி. ஷாம்பூகூடக் கொண்டுவரவில்லை, கடலுக்கு ஆகாதென்று. அவர் பேசுவதைக் காதுக் கருவி தமிழாக்கிக் கொடுக்கும். அது மேடைப்பேச்சு மாதிரித்தான் தமிழ் பேசும்.

“இந்தக் கடல் ஒருகாலத்தில் இறந்திருந்தது என்று படித்தேன். எவ்வாறு மீட்டீர்கள்?” என்று ஒருநாள் படகில் கேட்டார்.

“என்ர அப்பா காலத்தில இதில ஒரு ஆவுளியாவும் இல்லை அம்மா,” என்றான் பெனடிக்ற். “வெடி போட்டு மீன் பிடிச்சது, ஹோட்டல் கழிவெல்லாம் கடலுக்குள்ள விட்டது. சனமும் வேணும், விருந்தினரும் வேணும், கடலும் வேணும் எண்டால் மூண்டும் சேர ஏலாது. பிறகுதான் கணக்குப் பாத்தினம். ஒராள் முழிச்சிருந்தால் எவ்வளவு தண்ணி, எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு கழிவு. விருந்தாளி ஒராள் வந்தால் ஊராள் ஒராள் படுக்கிறது. அப்ப சுமை கூடாது. ஆவுளியா தானா வந்திட்டுது.”

“அந்த உறக்கம் அவர்களுக்குத் துன்பம் தருவதில்லையா?”

“கண்ணை மூடித் திறக்கிறதுதான் அம்மா.”

அது அவன் சொந்தமாகச் சொன்னதல்ல. படுத்து எழுந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஒரு சொல் மாறாமல். அவன் மனைவி எமில்டாவும் ஒவ்வொரு முறை எழுந்து வரும்போதும் அதையே சொல்வாள். மேலே ஏதாவது கேட்டால் அடுப்பில் என்ன இருக்கிறதென்று பார்க்கப் போய்விடுவாள்.

தூக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இல்லை. ஒருவருடைய பங்கை இன்னொருவர் படுக்கலாம், அதற்கு ஈடு என்று பெயர். ஆனால் ஈடு படுக்கிறவர் தானாகவே வந்து சொல்லவேண்டும். வேறு எவரும் கேட்கக்கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. ஆரம்பத்தில் வீட்டுக்கு வீடு வயதானவர்களை நச்சரித்துப் படுக்கவைத்ததால் வந்த சட்டம் அது. எமில்டாவை யாரும் கேட்கவில்லை. பெனடிக்ற்றுக்கு வழிகாட்டி வேலை கிடைத்த ஆண்டில் அவளாகவே போய் அவன் பங்கையும் தான் படுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வருஷத்துக்கு என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். அவன் வேலையில் பேரெடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

தூங்குகிற காலத்தில் வயது ஏறுவதில்லை. அவனுக்குக் காதோரம் நரைத்த பிறகும் அவள் ஏறக்குறையக் கலியாணப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தாள். தங்கச்சியோ என்று கேட்டவர்களிடம் அவன் பெருமையாகச் சிரித்தான். கொஞ்சக் காலமாகத்தான் சிரிப்பதில்லை.

இவர்களுக்கு ஒரே மகள் ஜெனிற்றா. மன்னார்க் கரையிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கச் சனம் என்பதால் ஊரின் பெரிய நாட்கள் எல்லாம் கோயிலோடு சேர்ந்தவை. மறைமாவட்டத்துத் தலைமைக் குருவான ஆயர் வருவதும் விருந்தினர் வருவதும் ஒரே காலத்தில்தான், கடல் அப்போதுதானே படுத்துக் கிடக்கும். ஆகவே பிள்ளைகளின் பெரிய நாட்களில் பாதிப்பேருடைய தாயோ தகப்பனோ உறங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஊர் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. தாய் உறங்கினால் கோயிலில் அவள் உட்காருகிற கதிரையில் அவள் பூசைக்குப் போடுகிற முக்காட்டை விரித்துவிடுவார்கள். தகப்பன் என்றால் ஒரு சால்வை. விருந்தினர் அதை வரிசை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஜெனிற்றா முதல் நன்மை, அதாவது முதல்முறை நற்கருணை அப்பம், வாங்கியபோது தாயின் கதிரையில் முக்காடுதான் இருந்தது. பிள்ளை அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து அந்த முக்காட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள், பல நாளாகத் தோய்க்கவிடவில்லை. இந்த ஆண்டு அவளுக்கு உறுதிப்பூசுதல், ஆயர் வந்து நெற்றியில் தைலம் பூசுகிற சடங்கு. படுக்கப்போகுமுன் எமில்டா மகளை மடியில் இழுத்து, “இந்த முறை அப்பா என்னை எழுப்பிப்போடுவார், பார்,” என்றாள். பெனடிக்ற் மகளின் தலையில் கைவைத்து, கட்டாயம் எழுப்புவேன் என்று சத்தியம் பண்ணினான்.

பெரிய காரியமில்லை. இடையில் ஒருவரை எழுப்ப ஒரு இடம் காலியானால் போதும். ஹெல்கா அம்மையாருக்காக இடம் விட்டவள் எமில்டாதான். உறக்கசாலையைப் பார்க்கும் கொறற்றி அக்கா தெரிந்தேதான் அப்படிப் பொருத்தி வைத்தாள். அம்மையார் புறப்படுகிறது ஆயர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால். அவர் கப்பலேறியதும் எமில்டாவைச் சூடாக்கத் தொடங்கலாம். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். எல்லாம் கச்சிதமாக இருந்தது.

விருந்தினர் புறப்படுமுன் கடைசியாகக் கூட்டிப்போகிற இடம் உறக்கசாலை. ஊரார் அதைக் குளிர்வீடு என்பார்கள். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடி மூடி போட்ட படுக்கைகள். உள்ளே போகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெனடிக்ற் தாழ்த்தமாட்டான். இறுக்கத்தைக் குறைக்க அவனிடம் ஒரு பகிடி இருந்தது. எமில்டாவின் படுக்கையருகே நின்று மூடியில் தட்டுவான்.

“இது என்ர மனுசி. எங்கட வீட்டில சண்டையே இல்லை. ஏனெண்டால் வருசத்தில பாதி நாள் நான் சொல்லுறதுக்கு இவ மறுகதை கதைக்கிறேல்லை.”

ஒவ்வொரு கூட்டமும் சிரிக்கும். அந்த முறையும் சிரித்தது. கூட்டம் முன்னே நகர்ந்ததும் ஹெல்கா மட்டும் பின்தங்கி நின்று, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். திடலில் ஒரு ஆவுளியா சினையாக இருக்கிறது, எந்த நாளும் ஈனக்கூடும். வாழ்நாள் முழுக்க மாட்டுக்கும் குதிரைக்கும் பேறு பார்த்தவர் அவர். ஒரு கடற்பசுக் கன்று முதல் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டால் போதும், வேறு ஆசையில்லை என்றார். இன்னும் பத்து நாள் தங்க வழிகாட்டி சம்மதித்தால், அனுமதி கொடுக்கிற கரைக்காப்பகம் மறுக்காதாம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த அம்மையாரே வேண்டாம் என்றிருப்பார். ஆனால் கன்று பிறக்கிற இடத்தைக் கையை நீட்டிக் காட்டுகிற தன்னை அவன் ஒரு கணம் மனதில் பார்த்துவிட்டான். உடனே மூளை சப்பைக்கட்டு கட்டத் தொடங்கியது. ஆயர் வருவதற்கு மூன்று நாள் முன்பு விருந்தினரில் ஒரு சோடி புறப்படுகிறது. அவர்களுடைய இடத்தில் எமில்டாவை எழுப்பினாலும் நேரத்துக்கு எழும்பிவிடுவாள்.

“சரி அம்மா, நில்லுங்கோ,” என்றான்.

“எனக்காக இடம் விட்டவர் யாரோ, அவருக்கு இது இடைஞ்சல் ஆகாதா?”

பெனடிக்ற்றின் கை அப்போதும் எமில்டாவின் மூடி மேலேதான் இருந்தது.

“அவவுக்கு என்ன தெரியப்போகுது அம்மா. இன்னும் கொஞ்சநாள் கிடந்தால் என்ன, நித்திரைதானே.”

ஹெல்கா கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கொறற்றி அக்காவிடம் அவன் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அந்தச் சோடி போவது நிச்சயம்தானா என்று மட்டும் கேட்டாள். நிச்சயம் என்றான்.

சோடி சொன்னபடியே போனது. கப்பல் துறையை விட்டு நகர்ந்ததும் பெனடிக்ற் நேரே சுமை அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே யூஜின் என்ற அதிகாரி, படித்த பொடியன், அந்த இரண்டு இடமும் ஏற்கெனவே போய்விட்டது என்றான். ஒன்று ஆயருக்கு. மற்றது ஆயரோடு வருகிற சாமிக்கு.

பெனடிக்ற்றின் முகத்தில் ஈயாடவில்லை. ஆயருக்கும் சுமை உண்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கென்ன, ஊரில் ஒருவருக்கும் தோன்றியிராது. ஆயர் வருவதை மணியடித்துத் தோரணம் கட்டிக் கொண்டாடுவார்கள். அவர் குளிப்பார், சாப்பிடுவார், அந்தக் கழிவும் கடலுக்குள் போகும் என்று எந்தக் கிறிஸ்தவன் நினைப்பான்?

“ஆயர் ஆண்டவரும் மூச்சு விடுறவர்தானே அண்ணை,” என்றான் யூஜின். “பலகை சிவப்பானால் உரிமம் போயிடும். பிறகு ஒருத்தரும் வரமாட்டினம். நான் என்ன செய்ய?”

அந்த நாளும் அடுத்த நாளும் பெனடிக்ற் ஓடாத இடமில்லை. முன்னதாகப் போகிற விருந்தினர் எவராவது உண்டா என்று விடுதி விடுதியாக விசாரித்தான். ஹெல்காவின் அறை வாசலுக்கு இரண்டு முறை போனான், இரண்டு முறையும் திரும்பிவந்தான். சொன்னால் அவர் உடனே பெட்டியைக் கட்டுவார், அது அவனுக்குத் தெரியும். ஆனால் யாருடைய இடம் என்று சொல்லவேண்டும். யாருடைய படுக்கையில் கையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னோம் என்பதையும் சொல்லவேண்டும். அந்த நல்ல மனுஷியின் கண்ணில் தான் சின்னவனாகிப்போவதை அவனால் தாங்க முடியவில்லை. அதைவிட மகளின் கண்ணில் சின்னவனாவது பரவாயில்லை என்று நினைத்தானா என்றால், அந்த அளவுக்கு அவன் யோசிக்கவே இல்லை.

கடைசியாகக் கொறற்றி அக்காவிடம் வந்து வாசற்படியில் குந்திவிட்டான். எல்லாக் கதவும் சாத்தியாச்சு என்றான். கொறற்றி அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற வழி ஒண்டும் இல்லையோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ தம்பி. நல்லா யோசிச்சுப் பாருங்கோ.”

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான்.

உறுதிப்பூசுதல் நாள் வந்தது. கோயிலின் முன் வரிசைகளில் வெள்ளை முக்காடுகள் விரித்த கதிரைகள், சில கதிரைகளில் சால்வைகள். பின்வரிசையில் ஹெல்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு மென்மையான மக்களைத் தான் எங்கும் கண்டதில்லை என்று காதுக் கருவி மெல்லச் சொன்னது. ஜெனிற்றா உள்ளே வந்தாள். தாயின் கதிரையில் பெனடிக்ற் விரித்து வைத்திருந்த முக்காட்டை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். அந்த வரிசையில் அந்த ஒரு கதிரை மட்டும் மொட்டையாக நின்றது. ஆயர் அதைப் பார்த்தார். ஞானத்தாயாக நின்ற கொறற்றி பிள்ளையின் தோளில் கைவைத்தாள். தைலம் பூசி முடிந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது ஜெனிற்றா தகப்பனைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் விளங்காத கணக்கொன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

“அப்பா, நீங்கள் ரெண்டு மூண்டு நாள் படுத்திருந்தால் அம்மா எழும்பியிருப்பாதானே. ஏன் நீங்கள் படுக்கேல்லை?”

பெனடிக்ற் வாயைத் திறந்தான். வேலை, விருந்தினர், பலகை என்று எதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லுக்கா அவனிடம் பஞ்சம்? ஆனால் உண்மைதான் வந்தது.

“எனக்கு அந்த யோசினையே வரேல்லை பிள்ளை.”

பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று அப்போதே பட்டது. தீவு முழுக்க இடம் தேடி அலைந்தவன் தன்னுடைய இடத்தை ஒரு இடமாக எண்ணவில்லை. கொறற்றி படியில் வைத்துக் கேட்டது என்னவென்று இப்போதுதான் விளங்கியது. சட்டம் அவளை அதற்குமேல் பேசவிடவில்லை. ஜெனிற்றா ஓம் என்று தலையாட்டிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆவுளியா கன்று ஈன்றது. பெனடிக்ற் கையை நீட்டிய இடத்திலேயே அந்தச் சின்னத் தலை எழும்பி முதல் மூச்சை விட்டது. ஹெல்கா விம்மி அழுதார். இவ்வளவு காலமும் அந்தக் கணத்தில் அவனுக்குள் எழும்புகிற சந்தோஷம் அன்றைக்கு எழும்பவில்லை. தாய் கன்றைத் தன் முதுகால் தாங்கி மேலே தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவன் துடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கரைக்கு வந்ததும் குளிர்வீட்டுக்குப் போய், காலம் முடியும்வரை எமில்டாவுக்கு ஈடாகத் தான் படுப்பதாகச் சொன்னான். கொறற்றி அக்கா பதிவேட்டில் அவன் பெயரை எழுதினாள். எமில்டாவின் பக்கத்துப் படுக்கையைத் துடைத்துத் தயார் பண்ணினாள். ஊசியைப் போட்டபிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

“எழும்பினதும் முதல் உங்களைத்தான் தேடுவா. நான் என்ன சொல்ல?”

எமில்டா கண் திறக்கிறபோது தான் விழித்திருக்கப்போவதில்லை என்பது அவனுக்கு அந்தக் கேள்வியில்தான் உறைத்தது. உறைத்ததும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி அந்த முகத்துக்கு நேரே நின்று சொல்லத் தேவையில்லை. பிராயச்சித்தம் என்று நினைத்து வந்தது ஒளிவதற்கு இடம் தேடித்தானா என்று வெட்கமாக இருந்தது. இருந்தும், “பிள்ளை சொல்லும் அக்கா,” என்றுதான் சொன்னான்.

மூடி விழுந்தது. குளிர் காலில் தொடங்கி மேலே ஏறியது. விரல்கள் மரத்தன, பிறகு கைகள், பிறகு நாக்கு. கண் இருண்டது. இனிக் காதும் போகும், அதோடு எல்லாம் முடிந்துவிடும், கண்ணை மூடித் திறக்கிறதுதான் என்று அவன் காத்திருந்தான்.

காது போகவில்லை.

இயந்திரத்தின் உறுமல் கேட்டது. கொறற்றி அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துப் படுக்கையின் மூடி திறப்பதும், யாரோ இருமுவதும், அவள் மெல்லப் பேச்சுக் கொடுப்பதும் கேட்டன. குளிரும் போகவில்லை, எலும்புக்குள் அப்படியே நின்றது. எவ்வளவு காலம் போனதென்று தெரியவில்லை. ஒருமுறை பலருடைய காலடிகள் வந்தன. அவனிடம் வேலை பழகிய வழிகாட்டி ஒருவனின் குரல் அவன் தலைக்கு மேலே கேட்டது.

“இவர்தான் எங்கட பெரிய வழிகாட்டி. வாயை மூடியிருக்கிறதை இப்பதான் பாக்கிறம்.”

மூடியில் இரண்டு தட்டு. கூட்டம் சிரித்தது. அந்தத் தட்டு மண்டைக்குள் போய் இறங்கியது.

அப்போது அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதே படுக்கையருகே நின்று அதே பகிடி. மூடியில் அதே தட்டு. கடைசியாக, கையை எடுக்காமலே சொன்ன அந்த வார்த்தை. அவன் கத்த நினைத்தான். நாக்கு அசையவில்லை. கண்ணீர் வருமென்றால் அதற்கும் கொஞ்சம் சூடு வேண்டுமே.

பிறகு இரண்டு சோடி வெறுங்கால்கள் வந்தன. ஒன்று அவனுக்கு நன்றாகத் தெரிந்த நடை. அவை அவன் தலைமாட்டில் வந்து நின்றன.

“அம்மா, அண்டைக்கு நான் கேட்டதுக்கு அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ,” என்று ஜெனிற்றா உரத்துத் தொடங்கினாள்.

“மெல்லக் கதை பிள்ளை,” என்றாள் எமில்டா. “அப்பாவுக்குக் கேட்கும்.”

சின்னக் கால்கள் ஓரடி பின்னுக்கு நகர்ந்தன.

“அப்ப உங்களுக்கும் கேட்டதோ அம்மா?”

மூடியின் மேல் ஒரு கை வந்து படிந்தது. தட்டவில்லை, சும்மா படிந்திருந்தது.

“கண்ணை மூடித் திறக்கிறதுதான்,” என்றாள் எமில்டா.